இரண்டு பக்கமும் எழுதிய பலகை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் பிறந்தது இல்லை, ஒரு ரம்பச் சத்தத்தில் பிறந்தது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கண்ணசந்த நேரம். பக்கத்து வீட்டுக் கொட்டகையில் யாரோ மரம் அறுத்தார்கள். நெதர்லாந்தில் இருக்கிற எங்கள் லிண்டவெல்டில் ஞாயிற்றுக்கிழமை மரம் அறுப்பது, எங்கள் விருதுநகரில் விளக்கு வைத்த பிறகு உப்பை இரவல் கொடுப்பது மாதிரி. கழுத்தில் கத்தி வைத்தாலும் செய்ய மாட்டார்கள். என் வீட்டுக்காரர் ரெனே கண்ணைத் திறக்காமலே, "ட்ரீக்குக்கு என்னமோ ஆயிருச்சு" என்றார்.

என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இத்தனை நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முப்பது வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். இந்த ஊர்ப் பாஷையில் சண்டை போடுவேன், கனவுகூடக் காண்பேன். ஆனால் கதை மட்டும் தமிழில்தான் வருகிறது. அதில் ஒரு வசதியும் உண்டு: ட்ரீக் படிக்க முடியாது.*

* ட்ரீக்குக்கு எழுபத்திநாலு வயது. இங்கே எண்பது வயதுக் கிழவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாய் அப்படிக் கூப்பிட்டாலும், என் மனசுக்குள் அவர் 'ட்ரீக் அண்ணாச்சி'தான். அவர் மனைவி கோரி, மதினி. கதை என் கதை, உறவுமுறையும் என் இஷ்டம்.

2

தொடக்கங்களைப் பாருங்கள். கிழித்ததைத்தான் காட்டுகிறேன்.

தொடக்கம் ஒன்று: "1944ஆம் ஆண்டு, மழை ஓயாத ஓர் இலையுதிர்காலக் காலையில், போலந்துப் படையின் டாங்கிகள் லிண்டவெல்டின் சந்தைத் திடலுக்குள் நுழைந்தபோது, ஜன்னல் திரைகளுக்குப் பின்னாலிருந்து—"

(நிறுத்திவிட்டேன். நான் என்ன கண்டேன்? அந்தக் காலையில் என் அப்பா விருதுநகர்ப் பேட்டையில் மிளகாய் வற்றல் மூட்டைக்கு நடுவில் தும்மிக்கொண்டிருந்தார். டாங்கியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.)

தொடக்கம் இரண்டு: "சுதந்திரம் என்பது என்ன? அது ஒரு—"

(சீ. இது மேயரம்மா மேடையில் பேசுவது.)

தொடக்கம் மூன்று: "கட்டில் குட்டை."

இது நிற்கட்டும். பிடிவாதமான இரண்டு சொல். இதிலிருந்து தொடங்குகிறேன்.

3

கட்டில் குட்டை. அதைச் செய்தவர் ட்ரீக் அண்ணாச்சியின் அப்பா, தச்சர். பீரங்கியை ஊருக்குள் திருப்பாமல், ஒரு வீட்டு ஓடுகூட உடையாமல் இந்த ஊரை ஜெர்மானியரிடமிருந்து மீட்டுக் கொடுத்த போலந்துக்காரர்கள், அந்தக் குளிர்காலம் முழுக்க இங்கேயே தங்கினார்கள், வீட்டுக்கு ஒருவர் இருவராக. தச்சர் வீட்டுக்கு வந்தவர் லூத்விக். படுக்க இடம் கொடுக்கணும், மரத்துக்கு எங்கே போக? கதவு, வேலி எல்லாம் அதற்கு முன்னாலேயே அடுப்புக்குள் போயிருந்தன. தச்சர் கோழிக்கூட்டைப் பிரித்துக் கட்டில் செய்தார். கோழிக்கூட்டில் எவ்வளவு மரம் இருக்கும்? கட்டில் குட்டையாகிவிட்டது. நல்லவேளை, லூத்விக்கும் ஆள் குட்டை.

அண்ணாச்சிக்கு அப்போது நாலு வயது. லூத்விக் தோளில் உட்கார்ந்துதான் சந்தைத் திடலையே முதல்முதலாக மேலிருந்து பார்த்தாராம். விரல் வைக்காமல் விசிலடிக்க லூத்விக் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் அண்ணாச்சி அப்படித்தான் நாயைக் கூப்பிடுவார். தெருவில் இருக்கிற எல்லா நாயும் வரும்.

சண்டை முடிந்தபோது லூத்விக்குக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. அவர் ஊர் வேறு ஆட்சிக்குள் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் போய்க் குடியேறி, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்தார். ஆனால் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் ஊரின் விடுதலை விழாவுக்கு லிண்டவெல்டுக்கு வந்துவிடுவார். ஓட்டலுக்குப் போகமாட்டார். அந்தக் குட்டைக் கட்டிலில்தான் படுப்பார். ஒருமுறை வந்திருந்தபோது, ஒரு பலகையில் சிவப்புப் பெயின்டால் தன் பாஷையில் எழுதிக் கொடுத்தார்: 'எங்கள் போலந்துக்காரரே, வருக, அறை தயார்.' விளையாட்டுக்குத்தான் எழுதினார். அண்ணாச்சி அதை வருஷா வருஷம் விழா வாரத்தில் முன் ஜன்னலில் வைப்பார், விழா முடிந்த திங்கட்கிழமை காலை எடுப்பார்.

அந்த வருஷம் எழுபதாவது விழா. லூத்விக் வசந்தகாலத்தில் காலமாகிவிட்டார். அவருக்குப் பதில் பேரன் ஆடம் வருவதாக ஏற்பாடு. யாரும் ஆடமைப் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தான். அது போதும் இவர்களுக்கு.

4

பலகையின் பின்பக்கத்தைச் சொல்லாமல் கதையை நகர்த்தலாமா என்று பார்த்தேன். நகரவில்லை.

ஊருக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம், காளான் வளர்க்கிற கொட்டகைகள் இருக்கின்றன. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் போலந்துக்காரர்கள். சக்கரம் வைத்த வண்டி வீடுகளில் ஆறு பேர் ஏழு பேராகப் படுத்திருந்தார்கள். தீப்பிடித்தால் தப்பிக்க வழியில்லை என்று அந்த இடத்தை மூடிவிட்டார்கள். பூட்டிக் கிடக்கிற பழைய கன்னியர் மடத்தில் அவர்களைத் தங்கவைக்கலாம் என்று நகரசபையில் பேச்சு வந்தது. பேச்சு வந்த மறுநாளே அண்ணாச்சி எதிர்ப்புக் குழுத் தலைவர் ஆகிவிட்டார். எதிர்ப்புக்குப் பலகை வேண்டுமே. புதுப் பலகை வாங்குவாரா? தச்சர் மகன், அதுவும் சிக்கனத்துக்குப் பேர்போன நெதர்லாந்துக்காரர். லூத்விக் எழுதியதற்குப் பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது? அதில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'எங்கள் மடத்தில் முகாம் வேண்டாம்.'

ஆக, வருஷம் முழுக்க ஜன்னலில் 'வேண்டாம்'. விழா வாரத்தில் மட்டும் திருப்பி 'வருக'. ஒரே பலகை.

(இதை எழுதும்போது கை கூசுகிறது. வாசகர் நம்பமாட்டார், கதைக்காகச் செய்த ஜோடனை என்பார். என்ன செய்ய? மரம் விற்கிற விலை அப்படி.)

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ஒரே ஊர்க்காரங்கதானே?"

"அது வேற, இது வேற. அவங்க நம்மள விடுதலை பண்ண வந்தவங்க. இவங்க காளான் பறிக்க வந்தவங்க."

"நீங்க காளான் சாப்பிடுறதில்லையா?"

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் படித்து முடித்த செய்தித்தாளை வழக்கம்போல என் கதவிடுக்கில் போட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபம் வேறு, பேப்பர் வேறு.

5

இப்போது வித்தோல்ட் வரவேண்டும். இந்த ஆளை எழுதுவதுதான் பெரும்பாடு. முதலில் எழுதிய படியில் அவன் கையில் ஒரு கிடார் கொடுத்தேன். சினிமா மாதிரி இருந்தது, பிடுங்கிக்கொண்டேன். இரண்டாம் படியில் சாதுவாக, கண்ணில் சோகத்தோடு வந்தான். அப்படி ஒருவன் வந்திருந்தால் நானே கதவைச் சாத்தியிருப்பேன். உள்ளபடி சொன்னால், அவன் நெட்டை. முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும், சிரிக்கும்போது அதை மறைக்க உதட்டை இழுத்துக்கொள்வான். போலந்திலிருந்து காளான் பறிக்க வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆள் பிடித்து அனுப்பியவர்கள் படுக்கை உண்டு என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். வந்து பார்த்தால் வண்டி வீடுகள் மூடிக் கிடக்கின்றன. மாதா கோயில் பக்கத்து வண்டி நிறுத்தத்தில் தன் காருக்குள்ளேயே காலை மடக்கிப் படுத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. தங்கியிருக்கிற விலாசம் இல்லாமல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் ஓர் அறை கிடைத்தால் குளிர்காலம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் வந்த காரிலேயே வெறுங்கையோடு வீட்டுக்கு. மனைவியிடம் போனில், இடம் பிரமாதம், பெரிய ஜன்னல் இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தான். காருக்குப் பெரிய ஜன்னல்தான், அதில் பொய் இல்லை. இந்தக் கதையில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இவ்வளவுதான்: இவனுக்கு ஒரு படுக்கை வேண்டும்.

சனிக்கிழமை காலை அறை தேடித் தெருத் தெருவாக நடந்தான். தெரு முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடி, அவன் நாட்டுக் கொடி. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஜன்னலில் அவன் பாஷையிலேயே எழுதியிருக்கிறது: 'எங்கள் போலந்துக்காரரே, வருக, அறை தயார்.' ரொம்ப நேரம் நின்று பார்த்திருக்கிறான். அப்புறம் கோயில் மணி பத்து அடிக்க, அழைப்பு மணியை அழுத்தினான்.

இங்கேதான் நீங்கள் என்னைப் பிடிப்பீர்கள். "ஏம்மா, வந்தவன் யாருன்னு கேக்கமாட்டாங்களா?" கேட்கமாட்டார்கள். இந்த ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் எவனும் எவன் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. கல்யாணமான புதிதில் நான் என் மாமியார் வீட்டுக்கே தேதி வாங்கித்தான் போனேன். பத்து மணிக்கு ஓர் ஆள் வருவதாகச் சொல்லி, பத்து மணிக்கு ஓர் ஆள் வந்து நின்றால், அவன்தான் இவன். இதில் கேட்க என்ன இருக்கிறது? பேரைக் கேட்பது அவமரியாதை. எங்கள் சித்தப்பா வீட்டில் இந்தத் தப்பு நடக்கவே நடக்காது. அங்கே பத்து மணிக்கு வரேன் என்றவர் பன்னிரண்டு மணிக்கு வருவார், அதற்குள் அழைக்காதவர் ஏழு பேர் வந்து சாப்பிட்டுப் போயிருப்பார்கள்.

கோரி மதினி கதவைத் திறந்து, ஊர் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, காப்பி கொடுத்து, இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி கொடுத்தாள். அவனுக்குத் தெரிந்த நாலு சொல்லில் ஒன்று 'அறை'. கேட்டான். "தயாரா இருக்குப்பா" என்று மாடிக்குக் கூட்டிப்போனாள். வாடகை எவ்வளவு என்று விரலைத் தேய்த்துக் காட்டினான். தமாஷ் பண்ணுகிறான் என்று அவள் கையில் ஒரு செல்ல அடி வைத்தாள். அவ்வளவு நாள் காரில் மடங்கிக் கிடந்தவன், கட்டிலைக் கண்டதும் பூட்ஸைக் கழற்றிவிட்டு அப்படியே விழுந்து தூங்கிவிட்டான். முழங்காலுக்குக் கீழே பாதிக் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மதினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையணை வைத்து, அந்தக் காலை எடுத்து அதன்மேல் வைத்தாள். அப்புறம் வேலிக்கு வந்து என்னிடம் சொன்னாள்.

"ஏ சிவா, தாத்தா அம்புட்டுக் குட்டை, பேரன் பனைமரம் கணக்கா இருக்கான். கால் இம்புட்டு வெளிய நிக்குது."

 அவள் சொன்னது வேறு மரம். பனை நான் நட்டது. கையை விரித்து அவள் காட்டிய அளவு மட்டும் நிஜம், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

6

விழா மத்தியானம் சந்தைத் திடலில். லிண்டவெல்ட் தன் விடுதலையை இந்த ஊர்ப் பிறந்தநாள் மாதிரித்தான் கொண்டாடும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லணும். வித்தோல்டை முதல் நாற்காலியில் உட்கார்த்தினார்கள், பக்கத்தில் அண்ணாச்சி. வரிசையாக வந்து ஊரே அவன் கையைக் குலுக்கியது. ஓர் அறை வாடகைக்கு எடுத்தால் இவ்வளவு மரியாதையா, இந்த ஊர்க்காரர்கள் தங்கம் என்று நினைத்தானாம், அப்புறம் சொன்னான்.

அதே நேரம், ரயிலைத் தவறவிட்ட நிஜப் பேரன் ஆடம் மழையில் நனைந்து, முதுகுப்பையோடு வந்து அண்ணாச்சி வீட்டு மணியை அடித்தான். லூத்விக்கை உரித்து வைத்த மாதிரி குட்டை. ஆனால் நேரம் தப்பிவிட்டதே! கேக் தட்டோடு திடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மதினி, மணி அடித்த முகத்தைப் பார்க்கவில்லை, நனைந்த பையைப் பார்த்தாள். காளான் கொட்டகை கால்வாய் தாண்டி வலது பக்கம் என்று மரியாதையாக வழி சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் விழா அங்கேதான் போல என்று நினைத்து, போயும் போய்விட்டான்.

(அங்கே அவனுக்குத் தொப்பி மாட்டிக் காளான் பறிக்க விட்டார்கள் என்று ஒரு படியில் எழுதினேன். ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. காவலாளி சிரித்துவிட்டு, கையில் ஒரு டப்பா காளானும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அதோடுதான் திடலுக்கு வந்து, வட்டத்துக்கு வெளியே, கடைசியில் நின்றான்.)

இப்போது அண்ணாச்சி எழுந்து, சட்டம் போட்ட பழைய படம் ஒன்றை வித்தோல்ட் மடியில் வைத்தார். ராணுவத் தொப்பியில் ஒரு குட்டை மனிதர், தோளில் நாலு வயதுப் பையன். "உங்க தாத்தா" என்று சொல்லி, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார். 'தாத்தா' என்பது அவனுக்குத் தெரிந்த நாலு சொல்லில் இல்லை. ஆனால் படத்தையும், கொடியையும், அண்ணாச்சியின் நனைந்த கண்ணையும் பார்த்ததும் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் என் பாத்திரத்தை நான் சந்தேகப்பட்டேன். சும்மா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தால் ராத்திரிக்குப் படுக்கை நிச்சயம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவன் எழுந்து நின்று, தன் பாஷையில் நிதானமாக ஏதோ பேசினான். ஊர் அழுதது. மேயரம்மா மூக்கைச் சிந்தினாள். எழுபது வருஷமாகப் போலந்து போலந்து என்று உருகுகிற ஊர் இது. அந்தப் பாஷையில் தண்ணீர் கேட்கத் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது, நான் உட்பட. கைதட்டல் அடங்கவே இல்லை. நிஜப் பேரனும் கைதட்டினான். அவனும் இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்தவன்.

ஒரே ஓர் ஆள் தட்டவில்லை. ரொட்டிக்கடையில் வேலை செய்கிற போஷெனா. காப்பித் தட்டோடு அப்படியே நின்றாள். போலந்துக்காரி, ஒன்பது வருஷமாக இந்த ஊருக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கிறாள். அவளிடம் அவள் பாஷையில் ஒரு சொல் சொல்லச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவளைக் கேட்டார்.

"என்னம்மா சொன்னாரு?"

7

மொழிபெயர்ப்பு, முதல் படி: "எங்க தாத்தா உங்களையெல்லாம் ரொம்ப நேசிச்சாரு, இந்த ஊரை மறக்கவே—"

(அடித்துவிட்டேன். நல்ல பொய்தான், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். போஷெனாவின் வாயில்கூட இதுதான் முதலில் வந்ததாம், அவளே சொன்னாள்.)

மொழிபெயர்ப்பு, இரண்டாம் படி: "நீங்க எல்லாரும் வேஷக்காரங்க, ஜன்னல்ல ஒண்ணு, மனசுல—"

(இது போஷெனா இல்லை, நான். வெளியே போ சிவகாமி.)

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது:

"அவர் சொன்னது இதுதான். 'நீங்க நினைக்கிற ஆள் நான் இல்ல. படத்துல இருக்கிறவரை எனக்குத் தெரியாது. நான் காளான் பறிக்க வந்தவன். ஜன்னல்ல பலகையைப் பார்த்தேன். நம்மளுக்கும் இடம் குடுக்கிற வீடு ஒண்ணு இருக்குன்னு நினைச்சு மணி அடிச்சேன். உங்க காப்பியைக் குடிச்சிட்டேன், உங்க கட்டில்ல தூங்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா திங்கக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு இடம் வேணும், குளிர்காலம் முடியிற வரைக்கும். யார் வீட்டுலயாவது இருக்கா?'"

வட்டமாக நாற்காலி போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மௌனம் இந்த ஊருக்குப் பழக்கம்தான். மே மாதம் வந்தால் போரில் இறந்தவர்களுக்காக மணி பார்த்து இரண்டு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். ஆனால் இது யாரும் நேரம் குறிக்காத மௌனம். எப்போது முடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் காளான் டப்பாவைப் பிடித்திருந்த கை ஒன்று உயர்ந்தது.

"அப்படின்னா," என்றான் ஆடம் இங்கிலீஷில், "அந்தப் பேரன் நான்தான்னு நினைக்கிறேன்."

யாரோ ஒருத்தர் சிரித்தார், அப்புறம் ஊரே சிரித்தது. மதினி அந்த முகத்தை இப்போதுதான் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். வித்தோல்ட் ஓடிப்போய்ப் படத்தை ஆடம் கையில் கொடுத்தான். ஆடம் அவனுக்குக் காளானைக் கொடுத்தான். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்கவைக்க நினைத்து ஆடம் ஒன்று சொன்னான்.

"நல்லவேளை, அந்தக் கட்டில்லருந்து நான் தப்பிச்சேன். தாத்தா வருஷா வருஷம் இங்கேயிருந்து வந்தா ஒரு வாரம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடப்பாரு. அவருக்கே அது பத்தாது. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"இல்ல" என்றார் அண்ணாச்சி. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பாவமாக இருந்தது எனக்கு. எழுபது வருஷமாக ஊரெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த கட்டில் அது.

மதினி அதற்குள் சுதாரித்துக்கொண்டாள். "விரிச்ச கட்டில் விரிச்சபடி இருக்கு. இன்னைக்கும் நாளைக்கும் படுத்துக்கப்பா. திங்கக்கிழமை காலைல பாத்துக்குவோம்" என்று வித்தோல்டிடம் சொன்னாள், போஷெனா வாயால். ஆடமை நான் கூட்டிவந்து எங்கள் ஸோஃபாவில் படுக்கவைத்தேன். அவன் அளவுக்கு அது தாராளம்.

8

இனி முடிவு. கையில் மூன்று இருக்கிறது.

முதலாவது, இனிப்பு. அண்ணாச்சி மனம் மாறி, மடத்தின் சாவியை வாங்கி, தானே கதவைத் திறந்து, எல்லோரையும்— (அவரை உங்களுக்குத் தெரியாது. மடத்து விஷயம் இன்றுவரை நகரசபையில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.)

இரண்டாவது, கசப்பு. திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பலகை திரும்புகிறது, கார் கிளம்புகிறது, ஜன்னலில் 'வேண்டாம்'. (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

மூன்றாவதை எழுதுவதற்கு முன்னால் ஒன்று சொல்லணும். ஞாயிறு மத்தியானம் கண்ணசந்திருந்தேன் என்று ஆரம்பத்தில் எழுதினேன் அல்லவா? ரெனேதான் அசந்திருந்தார். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ரம்பச் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதையின் ருசிக்காக ஒளித்துவைத்திருந்தேன்.

கதவைத் திறந்தால் அண்ணாச்சி. முப்பது வருஷத்தில் முதல்முறையாக, சொல்லாமல் கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமையில். முகம் சரியில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"சிவா, அந்த ஆளு தூங்கினப்ப கால் எம்புட்டு வெளிய நின்னுச்சுன்னு கோரி உங்கிட்ட சொன்னாளா?"

மதினியிடமே கேட்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். மதினியைக் கேட்டால் அவருக்குத் தோற்ற மாதிரி. வித்தோல்டைக் கேட்டால் அதைவிடத் தோற்ற மாதிரி. இரண்டு கையையும் விரித்து, மதினி காட்டிய அளவைக் காட்டினேன்.

அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். தன் இரண்டு கையையும் அதே அளவுக்கு விரித்து, என் கைகளுக்கு நேராகப் பிடித்துச் சரிபார்த்தார். அப்புறம் அந்த இடைவெளி கலையாமல், காற்றில் எதையோ ஏந்திக்கொண்டு போகிறவர் போலத் திரும்பி நடந்தார். வேலிக் கதவை முழங்கையால் தள்ளினார். கொட்டகைக் கதவை முதுகால் தள்ளினார். தோளில் மழை விழுந்துகொண்டிருந்தது, அவர் கையை இறக்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

அதற்கப்புறம்தான் ரம்பம்.

திங்கட்கிழமை குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் பலகை இல்லை. 'வருக'வும் இல்லை, 'வேண்டாம்'உம் இல்லை. வெறும் கண்ணாடி, உள்ளே மதினியின் பூந்தொட்டி. கோயில் பக்கம் நின்ற காரையும் காணோம். வேலைக்குப் போனதா, ஊருக்குப் போனதா என்று நான் எழுதப்போவதில்லை. மதினியிடம் கேட்டால் சொல்லிவிடுவாள், அதனால்தான் கேட்கவில்லை.

தச்சர் மகன், மரத்தை வீணாக்காதவர், ஒரு பலகையை அறுத்திருக்கிறார். குட்டைக் கட்டிலின் அளவு உங்களுக்குத் தெரியும். கால் எவ்வளவு வெளியே நின்றது என்றும் தெரியும். மிச்சக் கதை உங்களுடையது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் என்னை அரிக்கிறது. அந்தப் பலகையைக் கட்டிலின் கால்மாட்டில் சேர்த்திருந்தால், மேலே பார்த்திருப்பது எந்தப் பக்கம்? எழுத்தைக் காலால் மிதிக்கக் கூடாது, மிதித்தால் தொட்டுக் கும்பிடணும் என்று வளர்ந்தவள் நான். ஆனால் 'வேண்டாம்' என்கிற எழுத்தின் மேல் ஒரு நெட்டை மனிதன் குளிர்காலம் முழுக்கக் காலை நீட்டித் தூங்கினால், சரஸ்வதி கோபித்துக்கொள்ளமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது.

நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. நீங்கள் லிண்டவெல்ட் பக்கம் வந்தால், எங்கள் வீட்டுக்கு இடது பக்கத்து வீடு. போய் மணியை அடியுங்கள். முன்கூட்டி நேரமெல்லாம் கேட்க வேண்டாம், அந்த வழக்கத்தை அண்ணாச்சியே உடைத்துவிட்டார்.